இரும்புக் காளைக்குப் பல் உண்டா?

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, பள்ளிபாளையத்தின் தறிச் சத்தத்தைப் பின்னே விட்டுப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, வெகு தூரத்திலேயே ஒரு பாறைக் குன்று காட்சியளிக்கும். செந்நிறம் பொருந்திய அந்தக் குன்றின் உச்சியில்தான் பாதி ஆணும் பாதி பெண்ணுமாகிய அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். படி வழியாய் ஏறும் பக்தர்கள் பாறையில் செதுக்கியுள்ள பெரிய நாகத்தை வணங்கிவிட்டு மேலே செல்கிறார்கள். திருச்செங்கோடு என்றதும் பக்தர்களுக்கு இந்த மலை நினைவுக்கு வரும். ஆனால் தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்களில் உள்ள குடியானவர்களுக்கு நினைவு வருவது மலையல்ல, லாரி!

இன்றைய தினம் இந்தியாவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலுக்குத் தலைநகரம் என்று ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால், நாமக்கல் ஜில்லாவிலுள்ள இந்தத் திருச்செங்கோட்டைத்தான் சொல்ல வேண்டும். இங்கிருந்து புறப்படும் 'ரிக்' வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், சட்டீஸ்கர் என்று எங்கெங்கோ சென்று பாறையைத் துளைக்கின்றன. கப்பலேறி ஆப்பிரிக்கக் கண்டம் சென்ற வண்டிகளும் உண்டு. மலையடிவாரத்துச் சாலைகளில் நடந்தால் இரு மருங்கிலும் பட்டறைகள். ஒன்றில் வெல்டிங் பொறி பறக்கிறது. ஒன்றில் லேத்து சுழல்கிறது. இன்னொன்றில் மழுங்கிய துளைமுனைகளைச் சாணை பிடிக்கிறார்கள். புது வண்டி கட்டுவதும், பழைய வண்டி வாங்கி விற்பதும் இங்கே அன்றாட வியாபாரம்.

அந்தப் பழைய வண்டி வியாபாரத்தைக் காணவே நாம் அங்கே சென்றிருந்தோம்.

காற்றின் வேலை

வண்டியை மதிப்பிடும் விதத்தைச் சொல்லுமுன் அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக இரண்டு லாரிகள் சேர்ந்தது ஒரு 'செட்'. ஒன்றில் துளையிடும் கோபுரமும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும், அதை ஓட்டும் எஞ்சினும் இருக்கும். மற்றொன்று இரும்புக் குழாய்களையும் டீஸலையும் ஆட்களையும் சுமந்து வரும். பெரிய வண்டிகளில் ஒரு குழாயின் நீளம் 20 அடி. கீழே போகப் போக ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்களைத் திருகிக்கொண்டே போவார்கள்.

பாறையை உடைப்பது மேலே இருக்கும் யந்திரம் என்று நாம் நினைத்திருந்தால் அது சரியல்ல. குழாய்களின் அடிநுனியில், துளைமுனைக்கு நேர் மேலே ஒரு சம்மட்டி இருக்கிறது. கம்ப்ரஸர் அனுப்பும் காற்று குழாய்களின் வழியே இறங்கி அந்தச் சம்மட்டியைப் படபடவென்று இயக்குகிறது. டங்ஸ்டன் கார்பைடுக் குமிழ்கள் பதித்த துளைமுனை பாறையைப் பொடியாக்குகிறது. வேலையை முடித்த அதே காற்று, பொடியையும் தண்ணீரையும் வாரிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வந்து சேருகிறது. அடிப்பதும் காற்று, அள்ளுவதும் காற்று. மலைமேலுள்ள சுவாமியைப் போலவே இந்த வண்டியும் பாதி துளைக்கும் யந்திரம், பாதி காற்று யந்திரம். ஒரு பாதி தளர்ந்தாலும் மற்றப் பாதியால் பிரயோஜனமில்லை.

பெரிய வண்டி ஒன்றின் கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு 1100 கன அடிக் காற்றை, சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தத்தில் தரக் கூடியது. இந்த 300 என்ற எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்லப்போகும் விஷயம் முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது.

மாட்டுச் சந்தையும் யந்திரச் சந்தையும்

கொங்கு நாட்டார் மாடு பிடிப்பதில் மகா நிபுணர்கள். அந்தியூர்ச் சந்தையிலும் கண்ணபுரம் சந்தையிலும் காளை வாங்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். இத்தனைக்கும் பிறகு துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். மாட்டின் வயதை மாட்டுக்காரன் மறைக்கலாம், பல் மறைக்காது.

இரும்புக் காளைக்கும் அப்படி ஒரு பல் உண்டா? எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று வண்டியில் இருக்கிறது. ஆனால் பல்லைப் பிடுங்கி வேறு பல் வைக்க முடியாது. மீட்டரைக் கழற்றி வேறு மீட்டர் வைக்க முடியும்! ஆகவே இந்த வியாபாரத்தில் தேர்ந்தவர்கள் மீட்டரைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

நாம் கண்ட பேரத்தில் வாங்க வந்தவர் முப்பது வயதுக்குட்பட்ட வாலிபர். பத்து வருஷம் பிறர் வண்டியில் வேலை செய்து, துளையிடும் நுணுக்கமெல்லாம் கற்றவர். சொந்த வண்டி வேண்டுமென்று, தம்பியின் சேமிப்போடு மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். புது வண்டி வாங்க அந்தப் பணம் போதாது. ஒன்பது வயதான பழைய வண்டிக்குத்தான் போதும். அவருக்குத் துணையாகத் தகப்பனாரின் சிநேகிதரான ஒரு முதிய மேஸ்திரி வந்திருந்தார். அவருடைய அநுமதியின் பேரில் நாமும் கூடவே நின்றோம்.

கொட்டகையில் பார்த்தது

விற்பவருடைய கொட்டகையில் வண்டி புதுப் பெயிண்டு பூசிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. மேஸ்திரி முதற்காரியமாக எஞ்சின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வாங்க வருகிறவர்கள் வருமுன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே அதன் உடல்நிலையைச் சொல்லும். இந்த எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. ஒரே முயற்சியில் கிளம்பியும் விட்டது. புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயைத் தின்கிறது என்று அர்த்தம். கறுப்பாக வந்தால் காற்றுக் குறைவு அல்லது டீஸல் மிகுதி. கிளம்பிய பிறகும் வெள்ளைப் புகை ஓயாவிட்டால் எரியாத டீஸல் அல்லது உள்ளே கசியும் தண்ணீர். இங்கே மூன்றும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது இலேசான ஆவி மட்டும் வந்தது.

பிறகு பெயிண்டின்மேல் கவனம் சென்றது. கோபுரத்தின் வெல்டிங் மூட்டுகளில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அதன்மேல் சுண்ணாம்புத் தூளைப் பூசினார் மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைபோல் கோடு விழும். சற்றுப் பொறுத்துப் பார்த்தோம், கோடு விழவில்லை. "உடம்பு கெட்டி" என்றார். வண்டியை ஜாக்கிக் கால்களில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தார். கால்கள் இறங்கவில்லை, ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே கசியவில்லை.

குழாய்களில் குறை தென்பட்டது. ஜாபிதாவில் 50 குழாய் என்று எழுதியிருந்தது, எண்ணியபோது 47. பாறையில் சிக்கிக் கிணற்றுக்குள்ளேயே போய்விட்ட குழாய்களை இந்தத் தொழிலில் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகளின்மேல் உருட்டிப் பார்த்ததில் வளைந்தவை இல்லை. ஆனால் ஒன்பது குழாய்களில் மரை தேய்ந்து கத்திபோல் கூர்மையாகியிருந்தது. தேய்ந்த மரை காற்றைக் கசியவிடும்; ஒரு நாள் ஆழத்தில் அறுந்து, கீழேயுள்ள அத்தனையையும் கிணற்றுக்குக் காணிக்கையாக்கிவிடும்.

காற்றுக் குழாயின் இணைப்பில் இருக்கவேண்டிய சங்கிலியும் காணவில்லை. 300 பவுண்டு அழுத்தத்தில் அந்த ரப்பர்க் குழாய் கழன்றால், சீறும் நாகம்போல் சுழன்று பக்கத்தில் நிற்பவனைக் கொன்றுவிடும். அற்ப விலையுள்ள ஒரு சங்கிலிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. "சங்கிலி போடாதவர் வேறு என்னென்ன போடாமல் விட்டிருப்பார் என்று யோசி, கண்ணு" என்று மேஸ்திரி வாலிபரின் காதோடு சொன்னார். பழைய யந்திரத்தைப் பார்ப்பது அதன் சொந்தக்காரருடைய சுபாவத்தைப் பார்ப்பதும் ஆகும்.

மணி மீட்டர் ஒன்பது வருஷத்துக்கு மிகக் குறைவான எண்ணைக் காட்டியது. மிதிபலகையின் ரப்பரும் கைப்பிடிகளின் குமிழும் தேய்ந்திருந்த தேய்வு அதோடு ஒத்துவரவில்லை. மேஸ்திரி வாதாடவில்லை, "அடிக் கணக்கு நோட்டு இருக்குமே, முதலாளி?" என்று மட்டும் கேட்டார். இத்தொழிலில் கூலி அடிக்கணக்கில். ஆகையால் தோண்டிய ஒவ்வோர் அடியும் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும். மீட்டர் மாற்றப்படலாம்; கூலி வாங்கிய கணக்கை யாரும் மாற்றி எழுதுவதில்லை. நோட்டு வந்தது. மீட்டர் நடுவில் பழுதாகி மாற்றப்பட்டதென்று விற்பவரும் ஒப்புக்கொண்டார்.

கடைசியாகக் கம்ப்ரஸரை ஓட்டினார்கள். அழுத்தம் காட்டும் முள் விறுவிறு என்று ஏறி 220-இல் நின்றது. "டீஸல் மிச்சமாகட்டும் என்று குறைத்து வைத்திருக்கிறோம்" என்றார் விற்பவர். அதுவும் உண்டுதான். மேஸ்திரி மறுவார்த்தை பேசவில்லை. "கொட்டகையில் பாதி பார்த்தாயிற்று. மீதியைக் காட்டில் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பின்

மறுநாள் அந்த வண்டிக்கு ஒரு தென்னந்தோப்பில் வேலை இருந்தது. விடியற்காலையிலேயே நாமும் அங்கே போய்ச் சேர்ந்தோம். மேஸ்திரி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயும் இறங்க எத்தனை நிமிஷமாகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். முதலில் எட்டு நிமிஷம், பிறகு ஒன்பது, பத்து. 380 அடியில் கொஞ்சம் தண்ணீர் கண்டது. தோட்டக்காரர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. தென்னைக்கு அது போதாது. அடுத்த தோட்டத்தில் 760 அடியில்தான் நல்ல ஊற்றுக் கிடைத்ததாம். "எண்ணூறு வரைக்கும் போங்க" என்று சொல்லிவிட்டார்.

640 அடி ஆனபோது ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாலிபர் நேரமாகிறதென்று பரபரத்தார். மேஸ்திரியோ, "நன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். நான் காத்திருப்பதே இதற்குத்தான்" என்றார். காரணம் பிறகுதான் நமக்கு விளங்கிற்று. காற்று நின்றதும் ஊற்று நீர் துளைக்குள் ஏறத் தொடங்குகிறது. 2.31 அடி உயரமுள்ள தண்ணீர், சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு வீதம் கீழ்நோக்கி அழுத்தும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியதில் நீர் 140 அடிவரை ஏறி நின்றது. அதாவது துளைக்குள் 500 அடித் தண்ணீர், சுமார் 216 பவுண்டு பாரம். காற்று முதலில் இந்தப் பாரத்தைத் தூக்கித் தள்ளிய பிறகுதான் சம்மட்டி அசையும்.

மறுபடி கிளப்பினார்கள். முள் 220-க்கு ஏறி நின்றது. துளை வாயிலிருந்து காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. வழியிலுள்ள உராய்வுக்குக் கொடுக்க அந்த நாலு பவுண்டு போதவில்லை. குழாய்களைக் கழற்றி மேலே இழுத்து, நடுவழியில் நின்று கொஞ்சம் நீரை ஊதித் தள்ளி, மீண்டும் இறக்கி, மீண்டும் ஊத வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஒரு குழாய் இறங்க இருபத்தைந்து நிமிஷமாயிற்று.

மேஸ்திரி விற்பவரிடம் வந்து, "முள்ளை முந்நூறுக்கு ஏற்றச் சொல்லுங்க, முதலாளி" என்றார். ஏற்றினார்கள். அப்போதுதான் எஞ்சின் வாய் திறந்தது! வேகம் தளர்ந்தது, கரும்புகை கக்கியது, முதல் நாள் இலேசாக ஆவி வந்த எண்ணெய் மூடியில் குபுகுபுவென்று புகை வந்தது. பாரமில்லாத வேளையில் பதுங்கியிருந்த குறை பாரம் ஏறியவுடன் வெளிப்பட்டது.

ஆனால் மேஸ்திரி உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. பழைய யந்திரத்தில் குறை காண்பது சுலபம். அது மலிவான குறையா, விலையுயர்ந்த குறையா என்று பிரித்தறிவதே வித்தை. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார்கள். டீஸல் வடிகட்டியை மாற்றினார்கள். இவை அடைத்துக்கொண்டாலும் கரும்புகை வரும். சொற்பச் செலவில் தீரும். புகை அப்படியே இருந்தது. அதன் பின்பே, "எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்" என்றார். ஐயமிருந்தால் எண்ணெயில் சிறிது எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். அதிலே இரும்பும் தாமிரமும் மிகுந்திருந்தால் உள்ளுறுப்புகள் தேய்கின்றன. சிலிகான் மிகுந்திருந்தால் தூசு உள்ளே புகுந்திருக்கிறது.

நூறில் எத்தனை?

அன்று மாலை தென்னை மரத்தடியிலேயே கணக்குப் போட்டார்கள். கேட்ட விலையை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு மேஸ்திரி மண்ணில் குச்சியால் கோடு கிழித்தார். எஞ்சின் செப்பனிட 14 பங்கு. குறைந்த குழாய்களுக்கும் தேய்ந்த குழாய்களுக்கும் 7. டயர்களுக்கும் காற்றுக் குழாய்க்கும் 4. வேலையில்லாமல் நிற்கும் நாட்களின் நஷ்டத்துக்கு 5. ஆக முப்பது போக எழுபது. அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று அவர் கேட்கவேயில்லை. இந்த வண்டி வேலைக்குத் தயாராவதற்கு இன்னும் எவ்வளவு செலவாகும் என்பதையே கேட்டார்.

அத்துடன் மற்றொரு கேள்வியும் கேட்டார்: "எந்த ஊரில் ஓட்டப் போகிறாய், கண்ணு?" 300 அடியில் தண்ணீர் கிடைக்கும் பாறை நாட்டுக்குப் போனால், 220 பவுண்டிலேயே இது பல வருஷம் உழைக்கும். வாலிபரோ சொந்த ஊர்ப் பக்கம் ஓட்ட விரும்பினார். அங்கே நிலத்தடி நீர் வருஷத்துக்கு வருஷம் கீழே போய்க்கொண்டிருக்கிறது; 800 அடிக்குக் குறைந்து யாரும் துளைப்பதில்லை. ஒரே வண்டி, ஒரே நாள். ஓர் ஊருக்கு அது நல்ல சரக்கு, மற்றோர் ஊருக்குப் பாதிச் சரக்கு. யந்திரத்தின் மதிப்பில் ஒரு பகுதி யந்திரத்தில் இல்லை. அது போகும் மண்ணில் இருக்கிறது.

விற்பவர் எழுபதுக்கு இசையவில்லை. நேர்மையான மனிதரானதால் குறையை மறுக்கவும் இல்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு பிறந்தது. எஞ்சினை விற்பவரே தம் செலவில் பிரித்துச் செப்பனிடுவது; பிறகு ஓர் ஆழமான துளையில், சாப்பாட்டு வேளை கழிந்து, முள்ளை 300-இல் வைத்து மறுபடி ஓட்டிக் காட்டுவது; அது தேறினால் எழுபதோடு பதினாலு சேர்த்து எண்பத்து நாலு பங்கு விலை. காற்றுக் குழாய்ச் சங்கிலியை விற்பவர் இனாமாகப் போட்டுவிடுவது!

முன்பணம் கொடுக்குமுன் காகிதங்களைப் பார்த்தார்கள். ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இரும்பில் பொறித்த நம்பரோடு ஒத்திருக்க வேண்டும். கடன் கொடுத்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருந்தால், அவர்களுடைய கையொப்பமிட்ட 35-ம் நம்பர் பாரம் வந்தாலொழிய கடன் தீர்ந்ததாகாது. கைமாற்றத்துக்கு 29-ம் 30-ம் நம்பர் பாரங்கள். வேறு மாகாணப் பதிவானால் 28-ம் நம்பர் ஆட்சேபணையில்லாப் பத்திரம். இந்த வண்டியில் 35-ம் நம்பர் பாரம் இன்னும் வரவில்லை. அது கைக்கு வந்த பிறகே முன்பணம் என்று மேஸ்திரி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். வாலிபர் பணப் பையை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

இவ்வளவு பரிசோதனையும் ஒரு வாலிபரின் முதலைக் காப்பாற்றத்தானே என்று நேயர்கள் எண்ணலாம். அந்தத் தோட்டக்காரரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மேஸ்திரி அன்று அங்கே இல்லாதிருந்தால் 640 அடியில் என்ன நடந்திருக்கும்? காற்றுப் போதாத வண்டிக்காரர், "கீழே வெறும் பாறைதான், இனிமேல் போவது வீண்" என்று சொல்லிக் குழாயை உருவியிருப்பார். தோண்டிய அடிக்கெல்லாம் கூலி கொடுத்துவிட்டு, தம் பூமியில் நீரில்லை என்று அவர் ஆயுள் முழுவதும் நம்பிக்கொண்டிருப்பார். வறண்டது நிலமா, யந்திரமா என்று அவருக்குச் சொல்வார் யார்? நம் நாட்டில் எத்தனை தோட்டங்கள் இவ்வாறு கைவிடப்பட்டனவோ!

விற்பவர் வேறொரு வண்டியை வரவழைத்து மீதி ஆழத்தை முடித்துத் தருவதாக வாக்களித்தார். நாம் புறப்படும்போது அது வந்து சேர்ந்துவிட்டது. தோட்டக்காரர் அதனருகே சென்று, அழுத்தம் காட்டும் முள் எங்கே இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.